கைதட்டல் ஓய்ந்த பிறகு

தியானப் பகுதி: எசேக்கியேல் 33:30-33



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த மூவர் என்னைச் சற்றே தள்ளி அழைத்துச் சென்று ஒரு புத்தகத்தைக் காண்பித்தார்கள். அதன் முதல் பக்கத்தில் ஓர் எழுத்தாளரின் கையொப்பம் இருந்தது. அவருடைய நாவல் நாடகமாக மேடையேறுகிறது என்று கேள்விப்பட்டு, இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போயிருக்கிறார்கள். நாடகம் முடிந்ததும் எழுத்தாளரே மேடைக்கு வந்து வாசகர்களோடு பேசியிருக்கிறார். அதன்பின் கையொப்பத்துக்காக நெடுநேரம் வரிசையில் நின்றிருக்கிறார்கள். "ஐயா, புத்தகத்துல வாசிக்கிறது ஒண்ணு, எழுதினவரே எதிர்ல நின்னு பேசுறதைக் கேக்குறது வேற ஒண்ணு" என்றாள் அந்த மகள். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்கும் தொற்றிக்கொண்டது.

நல்ல புத்தகத்தை நேசிக்கிற பிள்ளைகளைக் கண்டு மகிழாத போதகர் இருக்க முடியாது. நாமே ஒரு புத்தகத்தின் ஜனங்கள் அல்லவா? ஆயினும் அந்த மகளின் வார்த்தை வாரம் முழுவதும் என் உள்ளத்தில் வேறொரு கேள்வியை எழுப்பிக்கொண்டே இருந்தது. எழுதினவரை நேரில் கண்டு, அவர் குரலைக் கேட்டு, கண்ணீர் விட்டுத் திரும்புகிறோம். திரும்பிப் போகிற வீட்டில் அந்தக் கண்ணீர் என்ன செய்கிறது? நாடக அரங்கத்தைப் பற்றி மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. நம் ஆலயத்தைப் பற்றியும், முதலாவது என்னைப் பற்றியும் கேட்கிறேன்.

இதை யோசித்தபோது, கல்லூரி நாட்களிலிருந்து நான் விரும்பி வாசித்துவந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் நினைவு வந்தது. எழுத்தாளர் ஒருவரைக் காண ஜனங்கள் திரண்டுவருவது இந்தக் காலத்துப் புதுமை அன்று. 160 ஆண்டுகளுக்கு முன்னே டிக்கன்ஸுக்காக அவர்கள் அப்படித் திரண்டார்கள்.

டிக்கன்ஸ் 1812-இல் பிறந்தவர். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, தகப்பனார் கடனுக்காக லண்டனில் மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். சிறுவன் பள்ளியை விட்டு, காலணிக்குப் பூசும் கறுப்பு மை தயாரிக்கிற இடத்தில் புட்டிகளுக்குத் தாள் ஒட்டுகிற வேலை செய்தான். அந்த அவமானத்தை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளின் துயரம் அவருடைய கதைகளில் மீண்டும் மீண்டும் வருவதற்கு அந்த நாட்களும் ஒரு காரணம். 1843 டிசம்பரில் அவர் வெளியிட்ட 'எ கிறிஸ்மஸ் கேரல்' என்னும் சிறு நூலை உங்களில் பலர் பள்ளிப் பாடமாகவாவது அறிந்திருப்பீர்கள். ஸ்க்ரூஜ் என்ற கஞ்சன் ஒருவன், ஒரே இரவில் தன் கடந்த காலத்தையும் நிகழ்காலத்தையும் வருங்காலத்தையும் கண்டு மனந்திரும்புகிற கதை அது.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1853 டிசம்பரில், பர்மிங்காம் நகர மண்டபத்தில் டிக்கன்ஸ் தாமே அந்தக் கதையை ஜனங்களுக்கு முன்பாக வாசித்துக் காட்டினார். தொழிலாளர்களுக்கான ஒரு கல்வி நிறுவனத்துக்குப் பணம் திரட்டுவதற்காக நடந்த கூட்டம் அது. ஒரு நாள் கூட்டத்தைத் தொழிலாளர்களுக்கென்றே ஒதுக்கி, அவர்களால் கொடுக்கக்கூடிய குறைந்த கட்டணத்தில் நடத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அப்படியே நடந்தது. ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்துக் களைத்த மனிதர்கள் கூட்டங்கூட்டமாக வந்து அமர்ந்தார்கள், சிரித்தார்கள், அழுதார்கள். 1858-இல் லண்டனில் ஏழைக் குழந்தைகளுக்கான மருத்துவமனைக்காகவும் அவர் வாசித்துப் பணம் திரட்டினார். ஒரு மனிதனுடைய குரலை ஆண்டவர் எத்தனை நன்மைக்குப் பயன்படுத்துகிறார் என்று வியக்கிறோம்.

1867-இன் இறுதியில் அவர் அமெரிக்காவுக்குப் போனார். சுமார் ஐந்து மாதங்களில் 76 கூட்டங்களில் வாசித்தார். பாஸ்டனில் சீட்டு விற்பனை தொடங்குவதற்கு முந்தின இரவே ஜனங்கள் வரிசையில் வந்து நின்றார்கள். புரூக்ளினில் தகுந்த மண்டபம் கிடைக்காததால், புகழ்பெற்ற பிரசங்கியார் ஹென்றி வார்ட் பீச்சர் ஊழியம் செய்த பிளிமத் ஆலயத்திலேயே கூட்டங்கள் நடந்தன. அங்கே சீட்டுக்காக வந்தவர்கள் வைக்கோல் மெத்தையும் கம்பளியும் ரொட்டியும் சுமந்துகொண்டு வந்து தெருவிலேயே படுத்துக்கொண்டார்கள். ஜனவரி மாதக் குளிர். தெருவில் அவர்கள் மூட்டிய பெருநெருப்பு மரவீடுகளைப் பற்றிவிடும் என்று அஞ்சிப் போலீசார் வந்து அதை அணைக்க வேண்டியிருந்தது. இரண்டு டாலர் சீட்டை வாங்கிப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள்.

அன்பானவர்களே, இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆலயத்துக்குள் நுழைவதற்காக ஜனங்கள் இரவெல்லாம் பனியில் காத்திருக்கிறார்கள். ஆனால் காத்திருப்பது வேத வசனத்துக்காக அல்ல! "நம் ஜனங்கள் ஆராதனைக்கு ஐந்து நிமிஷம் முன்னதாக வந்தாலே போதுமே" என்று எந்தப் போதகருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த எண்ணத்தைத் தொடர்ந்து வேறொன்றும் தோன்றியது. ஒருவேளை அப்படிப்பட்ட கூட்டம் என் பிரசங்கத்துக்கு வந்தால் நான் என்ன ஆவேன்?

இந்தக் கேள்விக்கு எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்களில் ஒரு விடை இருக்கிறது. பாபிலோனில் சிறையிருப்பில் இருந்த ஜனங்கள் சுவரோரங்களிலும் வீட்டு வாசல்களிலும் நின்று எசேக்கியேலைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள். வாருங்கள், கர்த்தர் என்ன சொல்கிறார் என்று கேட்போம் என்று ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். திரளாய் வந்து, ஜனங்கள் அமர வேண்டிய விதமாய்த் தீர்க்கதரிசிக்கு முன்பாக அமருகிறார்கள். எந்தப் போதகரும் ஏங்குகிற காட்சி இது. ஆனால் கர்த்தர் தம் ஊழியக்காரனிடம் தனியே ஒரு செய்தி சொல்கிறார். நீ அவர்களுக்கு இனிய குரலில் பாடுகிற ஒரு பாட்டுக்காரனைப் போல இருக்கிறாய். கேட்கிறார்கள், செய்கிறதில்லை என்கிறார். வாயில் அன்பு இருக்கிறது, இருதயமோ ஆதாயத்தின் பின்னே போகிறது.

கேட்பவர்களுக்கு இது எச்சரிப்பு என்றே நான் பல ஆண்டுகள் பிரசங்கித்துவந்தேன். பேசுகிறவனுக்கும் இது எச்சரிப்புதான் என்பதை எனக்கு விளங்கவைத்ததில் டிக்கன்ஸின் வாழ்க்கைக்கும் ஒரு பங்கு உண்டு. அவரை நியாயந்தீர்க்க நான் யார்? மரித்தவர்களின் நியாயம் கர்த்தரிடத்தில் இருக்கிறது. ஆனாலும் நடந்ததை அறிந்துகொள்வது நமக்குப் பயன்படும்.

டிக்கன்ஸ் வாசிப்பவர் மட்டும் அல்லர், சிறந்த நடிகரும்கூட. தம் நண்பர் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி ஃப்ரோஸன் டீப்' என்ற நாடகத்தில் அவர் 1857-இல் முக்கிய வேடம் ஏற்றார். ஒரு பெண்ணை நேசித்து ஏமாற்றமடைந்த மனிதன், அவள் நேசிக்கிறவனையே வடதுருவப் பனியில் சுமந்து காப்பாற்றிவிட்டுத் தன் உயிரைக் கொடுக்கிற கதை. மகாராணி விக்டோரியாவும் அதைப் பார்த்தார். மான்செஸ்டரில் பெருங்கூட்டத்துக்கு முன்பாக நடித்தபோது அரங்கம் அழுதது. உடன் நடித்த நடிகையும் மேடையிலேயே அழுதார். பிறனுக்காகத் தன்னையே ஒப்புக்கொடுக்கிற அந்த வேடத்திலிருந்துதான் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' நாவலின் கரு தமக்குக் கிடைத்ததாக டிக்கன்ஸே அதன் முன்னுரையில் சொல்கிறார்.

ஆனால் அந்த மான்செஸ்டர் மேடைக்காக அழைக்கப்பட்ட நடிகைகளில் பதினெட்டு வயது இளம்பெண் ஒருவர் இருந்தார். டிக்கன்ஸின் உள்ளம் அவரை நாடிப் போயிற்று. அடுத்த ஆண்டு, 1858-இல், இருபத்திரண்டு ஆண்டுகள் தம்மோடு வாழ்ந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்ற மனைவி கேத்தரினை அவர் பிரிந்தார். அந்தப் பிரிவைத் தம் பத்திரிகையிலேயே அறிக்கையாக வெளியிட்டார். தம் சொந்த வருமானத்துக்காக அவர் மேடைகளில் வாசிக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஏழை வீட்டு அடுப்படியையும், குடும்பம் ஒன்றாய்க் கூடி உண்கிற கிறிஸ்மஸ் விருந்தையும் அவர் வாசித்தபோது ஆயிரக்கணக்கானோர் உருகினார்கள். அவருடைய சொந்த வீட்டின் மேசையில் தாயின் இடம் வெறுமையாக இருந்தது.

கேத்தரின் அம்மையார் 1879-இல் மரித்தார். மரிப்பதற்கு முன், டிக்கன்ஸ் தமக்கு எழுதிய கடிதங்களை மகளிடம் ஒப்படைத்தார். ஒரு காலத்தில் அவர் தம்மை நேசித்தார் என்பதை உலகம் அறியும்படி அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சொன்னார். அந்தத் தாயின் வேண்டுகோளை வாசிக்கும்போதெல்லாம் என் உள்ளம் கனத்துப்போகிறது. உலகம் முழுவதும் அவருடைய கணவரின் வார்த்தைகளைக் கேட்டது. அந்த வார்த்தைகளின் நிறைவேறுதலை எதிர்பார்த்த ஒருத்தி வீட்டில் இருந்தாள்.

பிறருக்குப் பிரசங்கித்தபின் நானே தள்ளுபடியாகிவிடக் கூடாதே என்று அப்போஸ்தலனாகிய பவுல் 1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தின் முடிவில் நடுங்குகிறார். பவுலுக்கே அந்த நடுக்கம் இருந்ததென்றால் எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

இங்கே என் சொந்த வாழ்வின் ஒரு நாளை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இதை எழுதலாமா என்று ஜெபித்தேன். எழுது என்றே உள்ளத்தில் உணர்த்தப்பட்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சேகரத்தில் நான் ஊழியம் செய்துவந்தேன். அங்கே மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. கடைசி நாள் பிரசங்கம் என்னுடையது. நல்ல சமாரியன் உவமையை எடுத்துக்கொண்டேன். எரிகோவுக்குப் போகிற வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன ஆசாரியனைப் பற்றி நான் பேசியபோது பந்தல் முழுவதும் அமைதியாயிற்று. பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். ஆசீர்வாதம் கூறி இறங்கியதும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் ஒலிநாடாவின் பிரதி வேண்டும் என்றார். வேறொருவர் தங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நாள் கேட்டார். அன்றிரவு குருமனையில் விருந்தினர்களோடு சாப்பிட்டு, நெடுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் படுத்தேன்.

அந்த ஆலயத்தில் மணியடித்து, பெருக்கி, பாய் விரித்து, விளக்கேற்றிவந்த பணியாளர் ஒருவர் இருந்தார். அவருடைய மகனை வெளியூர்ப் பள்ளியின் விடுதியில் சேர்ப்பதற்குச் சேகர குருவின் சான்றுக் கடிதம் வேண்டும். மறுநாளே கடைசி நாள். அவருடைய மனைவி அன்று மத்தியானமே குருமனைக்கு வந்து என்னிடம் கேட்டிருந்தார். "கூட்டம் முடியட்டும்மா, கையோட எழுதித் தர்றேன்" என்று சொல்லியிருந்தேன். கூட்டம் முடிந்தது. நான் மறந்துபோனேன். அந்தத் தாய் குருமனைத் திண்ணையின் ஓரத்தில் காத்திருந்திருக்கிறார். விருந்தினர்களோடு நான் அந்தத் திண்ணையைக் கடந்துதான் உள்ளே போனேன். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருவது முறையல்ல என்று அவர் எழுந்து நிற்கக்கூட இல்லை. கடைசிப் பேருந்து வருகிற நேரத்தில் எழுந்து போய்விட்டார். அடுக்களையிலிருந்து காபி கொண்டுவந்து கொடுத்த என் மனைவிக்கு, அவர் எதற்காக வந்தார் என்பதும் தெரியாது. ஐயரைப் பார்க்க வேண்டும் என்றுமட்டும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலையில் என் மனைவி, "நேற்று ராத்திரி அந்த அம்மா ரொம்ப நேரம் இருந்தாங்களே, பார்த்தீங்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது. கடிதத்தை எழுதிக்கொண்டு நானே பேருந்தேறி அந்தப் பள்ளிக்குப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது பட்டியல் முடிந்திருந்தது. அந்தப் பையன் அந்த ஒரு வருஷம் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டினான். அடுத்த வருஷம் இடம் கிடைத்தது, நன்றாகவே படித்தான். ஆனால் அந்த ஒரு வருஷத்தை அவனுக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. புட்டிகளுக்குத் தாள் ஒட்டிய சிறுவன் டிக்கன்ஸைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் என் கண்முன் வந்து நிற்கிறான்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பணியாளர் பதறிப்போய் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கென்ன ஐயா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நேத்து உங்க பிரசங்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு. எங்க வீட்ல அழுதுட்டாங்க" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். ஊழியத்தில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். எல்லாம் மறந்துவிட்டன. இந்தப் பாராட்டு மட்டும் இன்றைக்கும் பிரசங்க பீடத்தில் ஏறும்போது என் காதில் ஒலிக்கிறது. திண்ணையைக் கடந்துபோன ஆசாரியன் நான். விலகிப்போன ஆசாரியனைப் பற்றிய என் பிரசங்கத்தைக் கேட்டு அழுதவர், நான் கடந்துபோன அந்தத் தாயே.

பிரியமானவர்களே, புகழ்ச்சி ஒருவனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு டிக்கன்ஸின் கடைசி ஆண்டுகளும் சாட்சி. 1869 முதல், 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி என்ற பெண் கொலைசெய்யப்படும் பகுதியை அவர் மேடைகளில் வாசிக்கத் தொடங்கினார். கேட்டவர்கள் நடுங்கினார்கள். வாசித்தவரோ உருக்குலைந்தார். மருத்துவர் ஒவ்வொரு முறையும் நாடி பார்த்துக் குறித்துவைத்தார். வழக்கமாக 72 துடிக்கிற நாடி, அந்தப் பகுதியை வாசித்த இரவுகளில் 120-ஐயும் தாண்டியது. கைதட்டல் ஓய்ந்தபின் அவரால் சில நிமிஷங்கள் பேசவும் முடியாது. சாய்ந்து படுத்துக் கிடப்பார். அவர் மேடையில் தள்ளாடினால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும்படி மூத்த மகனை அருகிலேயே நிறுத்திவைத்தார் மருத்துவர். 1870 மார்ச் 15-ஆம் நாள் லண்டனில் கடைசி முறையாக வாசித்து விடைபெற்றார். மூன்று மாதம் கழியுமுன், ஜூன் 9-ஆம் நாள், தமது 58-ஆம் வயதில் மரித்தார். ஐம்பதுகளில் இருக்கிற எனக்கு அந்த எண்ணைக் கடந்துபோவது எளிதாயில்லை.

அப்படியானால் கேட்பதும் அழுவதும் வீண்தானா? இல்லை. இதே டிக்கன்ஸின் கூட்டங்களிலிருந்து இன்னும் இரண்டு காட்சிகளை உங்களுக்கு முன்பாக வைக்கிறேன்.

1867-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அவர் 'எ கிறிஸ்மஸ் கேரல்' கதையை வாசித்தார். கேட்டவர்களில் ஒரு தொழிற்சாலை முதலாளி இருந்தார். எல்லாரையும் போல அவரும் உள்ளம் உருகினார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கிறிஸ்மஸ் நாளில் தம் தொழிற்சாலையை மூடித் தொழிலாளர்களுக்கு விடுமுறை கொடுத்தார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு வான்கோழியை அனுப்பினார். சகேயுவின் நினைவு வருகிறதல்லவா? அவனும் இயேசு எப்படிப்பட்டவர் என்று பார்க்கும் ஆவலால்தான் காட்டத்தி மரத்தில் ஏறினான். அன்று எரிகோவின் தெருவில் அவரைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, ஏழைகளுக்குப் பாதி, ஏமாற்றப்பட்டவர்களுக்கு நாலத்தனை என்று எழுந்து நின்றவன் அவன் ஒருவனே. கேட்ட வார்த்தை அவனுடைய பணப்பெட்டி வரைக்கும் போயிற்று.

இரண்டாவது காட்சி 1868 வசந்த காலத்தில் நடந்தது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் கேட் என்ற பதினொரு வயதுச் சிறுமி இருந்தாள். டிக்கன்ஸின் நூல்களை உயிராய் நேசித்தவள். போர்ட்லாண்ட் நகரில் அவர் வாசிக்க வந்தபோது தாயார் கூட்டத்துக்குப் போனார். சீட்டு விலை அதிகம் என்பதால் சிறுமியை அழைத்துப் போகவில்லை. மறுநாள் தாயும் மகளும் ரயிலில் பயணம் செய்தார்கள். அதே ரயிலில் டிக்கன்ஸும் இருந்தார். அவருடைய பக்கத்து இருக்கை காலியானதைக் கண்டு சிறுமி ஓடிப்போய் அமர்ந்துகொண்டாள். உங்கள் நூல்களில் சிலவற்றை ஆறு முறை வாசித்திருக்கிறேன், சலிப்பான இடங்களை மட்டும் விட்டுவிடுவேன் என்று அவரிடமே சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எந்த இடங்கள் என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நேற்றுக் கூட்டத்துக்கு வர ஆசைப்பட்டாயா என்று அவர் கேட்டபோது அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மண்டபத்தில் ஆயிரம் பேருக்குக் கிடைக்காத அருகாமை, சீட்டு இல்லாத அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது. கேட் டக்ளஸ் விக்கின் என்ற பெயரில் அவள் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரானாள். 1912-இல் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சிறுநூலும் எழுதினாள். அதற்கெல்லாம் முன்னரே, 1878-இல், சான் பிரான்சிஸ்கோவின் ஏழைத் தெரு ஒன்றில், கட்டணம் கொடுக்க வழியில்லாத பிள்ளைகளுக்காக இலவச மழலையர் பள்ளியை நடத்தத் தொடங்கியவளும் அவளே.

"எழுதினவரே எதிர்ல நின்னு பேசுறதைக் கேக்குறது வேற ஒண்ணு" என்றாளே நம் மகள், அதற்கு இப்போது வருகிறேன். எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் நம் ஆண்டவர் விசுவாசத்தைத் தொடங்கி வைத்து முடித்தும் தருகிறவராகக் காட்டப்படுகிறார். நம் விசுவாசத்தின் ஆசிரியர் அவரே. அந்த ஆசிரியர் தூரத்து மேடையில் விளக்கொளியில் நின்று பேசிவிட்டுத் திரைக்குப் பின்னே மறைகிறவர் அல்லர். வார்த்தை மாம்சமாகி நம் நடுவே வாசம்பண்ணினார் என்பதே நம் சுவிசேஷம். எம்மாவுக்குப் போன இருவரோடு, ரயிலில் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவரைப் போல, அவர் கூடவே நடந்தார். முதலில் அவர்கள் பேசுவதைக் கேட்டார். அவருக்கு முன்பாக நாம் நம் சந்தேகங்களையும் சலிப்புகளையும் மறைக்கத் தேவையில்லை.

இன்னொரு வித்தியாசம் உண்டு. எந்த மனித ஆசிரியனிடத்திலும், எந்தப் பிரசங்கியினிடத்திலும் சொல்லுக்கும் வாழ்வுக்கும் நடுவே ஒரு திண்ணை இருக்கிறது. அதில் யாரோ ஒருவர் காத்திருக்கிறார். இயேசுவிடத்தில் அந்த இடைவெளி இல்லை. சத்துருக்களை நேசியுங்கள் என்று மலைமேல் சொன்னவர், சிலுவைமேல் சத்துருக்களுக்காக வேண்டிக்கொண்டார். பிறனுக்காக உயிர்கொடுக்கும் வேடத்தை அவர் நடிக்கவில்லை. உயிரையே கொடுத்தார். ஆகையால், என் பிரசங்கத்தைக் கேட்டு என்னை நோக்காதிருங்கள், அவரை நோக்குங்கள். என்னில் குறை கண்டால் எனக்காக ஜெபியுங்கள், தயங்காமல் வந்து சொல்லுங்கள். திண்ணையில் அமைதியாகக் காத்திருக்க வேண்டாம், கதவைத் தட்டுங்கள்.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி. சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலோ, நீங்கள் அண்மையில் வாசித்த புத்தகத்திலோ, பார்த்த நாடகத்திலோ உங்கள் கண்களைக் கலங்கவைத்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணீருக்கு உரிய மனிதர் உங்கள் வீட்டில், தெருவில், வேலைத்தலத்தில் யார் என்று ஆண்டவரிடம் கேளுங்கள். எழுத வேண்டிய கடிதம் இருந்தால் இன்றே எழுதுங்கள். கொடுக்க வேண்டிய கூலி இருந்தால் கொடுத்துவிடுங்கள். பேச்சு நின்றுபோன உறவு இருந்தால் தொலைபேசியை எடுங்கள். அந்த மூன்று பிள்ளைகளுக்கும் இதையே சொன்னேன். "நாடகத்துல எங்க அழுதீங்களோ, அந்த இடத்தை வீட்ல தேடுங்க" என்றேன். ஒருவன் தலைகுனிந்தான். அவன் யாரை நினைத்தான் என்று நான் கேட்கவில்லை.

ஜெபிப்போம். அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்டதோடே நின்றுவிட்ட எங்களை மன்னியும். பேசுகிற என் உதடுகளையும், கேட்கிற உம் பிள்ளைகளின் செவிகளையும், எங்கள் எல்லாருடைய கைகளையும் பரிசுத்தப்படுத்தும். எங்கள் வாசலில் காத்திருக்கிறவர்களைக் கடந்துபோகாதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். சொன்னதைச் செய்து முடித்த உம்முடைய குமாரனைப் போல எங்களை மாற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.